சாண்டர்ஸின் கைரேகை நூல்: 1653ஆ, 1671ஆ?

தலைப்புப் பக்கம் இல்லாத ஒரு பிரதியின் பதிப்பைக் கண்டறிய உதவி தேவை. லண்டனில் அச்சான, ஆங்கிலேய சோதிடர் ரிச்சர்ட் சாண்டர்ஸின் கைரேகை, முக லட்சணம், மச்ச பலன் நூல்தான் அது, அதில் சந்தேகமில்லை. முதல் பதிப்பு 1653, விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1671.

தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சங்கிலிக் கோடுகள் (தாள் செய்யும் சல்லடைக் கம்பிகள் விட்ட, இடைவெளி அதிகமான கோடுகள்) நெடுக்காக ஓடுகின்றன, நீர்க்குறி (தாள் செய்தவரின் அடையாளம்) ஏட்டின் நடுவில் விழுகிறது. ஆக, ஃபோலியோ, அதாவது அச்சுத்தாளை ஒரே முறை மடித்த அளவு. பக்க எண்ணை நம்ப முடியாது. அக்கால அச்சகங்களில் எண் தாவுவதும் திரும்ப வருவதும் சகஜம். கீழ் ஓரத்து மடிப்புக்குறிகளும் (மடித்த தாள்களை வரிசையாகச் சேர்க்க அச்சிட்ட எழுத்துக் குறிகள்; 23 எழுத்து வரிசை: ஜே, டபிள்யூ கிடையாது, யு, வி இரண்டுக்கும் ஒரே இடம்) அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைச் சொல்லும் தொடர்சொல்லும்தான் விடுபட்ட ஏட்டைக் காட்டிக்கொடுக்கும்.

முழுப் பிரதியைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் இரு பதிப்புகளின் மடிப்புக்குறி வரிசையையும், மச்சப் பகுதி தொடங்கும் ஏட்டின் குறியையும் அனுப்புங்கள். படம் எடுத்தால் கீழ் ஓரம் வெட்டுப்படக் கூடாது, அடையாளமே அங்கேதான். முகப்பிலுள்ள ஆசிரியர் உருவப்படத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல வேண்டாம். வேறு பிரதியிலிருந்து பெயர்த்து ஒட்டுவது பழைய வியாபாரிகளின் வழக்கம்.