வக்கீல் படித்துத் துணைவேந்தர் ஆனவர்கள்: மதுரைக் கணக்கு

கருப்புக்கோட்டு எழுதியது:

கல்லூரி ஆண்டு மலருக்கு மூன்று பக்கம் கேட்டிருக்கிறார்கள். சட்டம் படித்துத் துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்த மதுரைக்காரர்கள் என்பது தலைப்பு. நீதிபதி சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், தமிழறிஞர் தெ.பொ.மீ. (தெ.பொ. மீனாட்சிசுந்தரம்) என்று இரண்டு பேர் கையில் இருக்கிறார்கள். இணையத்தில் ஒரு பக்கம் சொல்வதை அடுத்த பக்கம் வெட்டுகிறது. விவரம் தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

ஐயரை "இந்தியாவின் முதல் இந்தியத் துணைவேந்தர்" என்று போடலாமா? தெ.பொ.மீ. நிஜமாகவே வக்கீலா, பட்டத்தோடு சரியா? கடைசிப் பத்தியில் இன்றைக்கு ஒரு எல்.எல்.எம். (சட்ட முதுகலை) ஆள் அந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று எழுத வேண்டும். கோர்ட்டில் நின்ற வருஷங்கள் அதில் சேருமா?

வடக்குமாசி எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில்: போடாதே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தர், 1904 என்று மட்டும் எழுது. கல்கத்தாவில் குருதாஸ் பானர்ஜி 1890இலேயே வந்துவிட்டார். பம்பாயில் காசிநாத் திரியம்பக் தெலாங், 1892.

உன் கட்டுரைக்கு வேண்டிய முடிச்சும் இங்கேதான் கிடக்கிறது தம்பி. மூன்று ஊரிலும் அந்த முதல் ஆள் உயர் நீதிமன்ற நீதிபதி. காரணம் பதவியின் தன்மை. 1857இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகங்கள் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிற சபைகள்தான். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. துணைவேந்தர் பதவி கௌரவப் பதவி, அவரவர் பார்க்கிற வேலையோடு சேர்த்தே பார்ப்பது. செனட் (பேரவை), சிண்டிகேட் (ஆட்சிக்குழு) கூட்டங்களுக்குத் தலைமை, அப்புறம் பட்டமளிப்பு விழா. தீர்மானம், அதற்குத் திருத்தம், திருத்தத்துக்கு ஓட்டு என்று போகிற கூட்டத்தைக் கட்டி மேய்க்க நீதிபதியைவிடத் தோதான ஆள் யார்? சென்னையில் கவர்னர்தான் வேந்தர். அவர் கண்ணுக்கு முதலில் படுவதும் உயர் நீதிமன்றம்தான்.

1904 சாதாரண வருஷம் இல்லை என்பதையும் விட்டுவிடாதே. அந்த மார்ச்சில்தான் வைஸ்ராய் கர்சனின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. ஆயுளுக்கும் உட்கார்ந்திருந்த ஃபெல்லோ என்கிற செனட் உறுப்பினர்களுக்கு ஐந்து வருஷ வரம்பு போட்டு, செனட்டின் அளவை 50க்குக் குறையாமல் 100க்கு மிகாமல் நிறுத்திய சட்டம் அது.

வாழ்க்கைக் குறிப்புக்கு இவ்வளவு போதும். பிறப்பு 1842 அக்டோபர் 1, மதுரைச் சீமை. தகப்பனார் ராமநாதபுரம் ஜமீனின் வக்கீல். மகன் மதுரையில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே படித்து 1868இல் பி.எல். என்கிற சட்டப் பட்டம், அடுத்த வருஷம் வக்கீலாகப் பதிவு. 1885 வரை ப்ராக்டீஸ் மதுரையில், அப்புறம் சென்னை. அதே 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸின் 72 பிரதிநிதிகளில் ஒருவர். 1895இல் நீதிபதி, 1907இல் ஓய்வு.

பலரும் சறுக்குகிற இடம் இன்னொன்று உண்டு. "சென்னையின் முதல் இந்தியத் தலைமை நீதிபதி" என்று எழுதிவிடுவார்கள். 1899, 1903, 1906 மூன்று தடவையும் அவர் பார்த்தது தற்காலிகப் பொறுப்பு. அதையும் அவருக்கு முன்னால் 1893இல் தி. முத்துசாமி ஐயர் பார்த்துவிட்டார். முத்துசாமி ஐயர் 1895இல் காலமான பிறகுதான் இவர் நீதிபதியாகவே வருகிறார்.

பட்டங்களைப் பற்றி எழுதும்போது வரிசை மாறக் கூடாது. 1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை ஊட்டியில் காவலில் வைத்தார்கள். அந்த மாதம் 24ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஐயர் கடிதம் எழுதினார். சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் லீகின் கௌரவத் தலைவராக எழுதியது. அது பகிரங்கமாகி, பார்லிமென்ட் வரை போய், இந்திய விவகார மந்திரி மாண்டேகு கண்டித்துப் பேசிய பிறகுதான் 1918இல் சர் பட்டத்தையும் திவான் பகதூரையும் திருப்பிக் கொடுத்தார். சில பக்கங்களில் பட்டத்தைத் துறந்துவிட்டுக் கடிதம் எழுதியதாக இருக்கிறது. தலைகீழ். மறைவு 1924 டிசம்பர் 5.

தல்லாகுளம் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சட்ட மாணவர் எழுதுகிற கட்டுரையில் தீர்ப்பு ஒன்றாவது இருக்க வேண்டாமா? சுதந்திரப் போராட்டம் பாதி, பட்டம் துறந்தது பாதி என்று முடித்தால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

தேடும்போது பெயரில் கவனம். சட்ட அறிக்கைகளில் அவர் பெயர் "சுப்ரஹ்மண்ய அய்யர்" என்கிற பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கும். அதைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது "சுப்ரஹ்மண்ய அய்யர் எதிர் மன்னர்", 25 மெட்ராஸ் 61 (சட்ட அறிக்கையின் தொகுதி 25, பக்கம் 61), லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், 1901. இரண்டு வருஷக் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 41 செயல்களை ஒரே விசாரணையில் அடக்கியது செல்லாது என்று தீர்த்த வழக்கு. கிரிமினல் நடைமுறை வகுப்பில் எல்லாரும் படிப்பதுதான். அதில் இருப்பவர் குற்றம் சாட்டப்பட்டவர், வேறு ஆள். பெயர் ஒன்று என்பதால் நீதிபதி தலையில் கட்டிவிடாதே.

உனக்கு வேண்டியது 27 மெட்ராஸ் 435, 1904. வித்யாபூர்ண தீர்த்த சுவாமி எதிர் வித்யாநிதி தீர்த்த சுவாமி. ஐயர் தற்காலிகத் தலைமை நீதிபதி, கூட உட்கார்ந்தவர் பாஷ்யம் ஐயங்கார். மடாதிபதி மடத்துச் சொத்துக்கு வெறும் டிரஸ்டியா, அதற்கு மேல் உரிமை உள்ளவரா என்பது கேள்வி. வெறும் டிரஸ்டி என்று சொல்ல முடியாது, ஆயுள் உரிமை மாதிரி ஒன்று அவருக்கு உண்டு என்று போனது தீர்ப்பு. மடத்துச் சொத்து வழக்குகளில் ரொம்ப காலம் மேற்கோள் காட்டப்பட்டது. ஓய்வுக்குப் பிறகு கோயில் நிர்வாகச் சீர்கேட்டைத் தட்டிக் கேட்க தர்ம ரக்ஷண சபை என்று அவர் இறங்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார். துணைவேந்தர் ஆன வருஷமும் இந்தத் தீர்ப்பின் வருஷமும் ஒன்றே. அதில் ஒரு முழுப் பத்தி கிடைக்கும்.

நாகமலை எழுதியது:

தெ.பொ.மீ. பற்றி. வக்கீல்தான், சந்தேகமே வேண்டாம். 1920இல் பி.ஏ., 1922இல் பி.எல்., 1923இல் எம்.ஏ. அந்த எம்.ஏ. தமிழில் வாங்கியது கிடையாது. வரலாறு, பொருளாதாரம், அரசியல். 1923இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவு, 1924இல் மாநகராட்சி உறுப்பினர். தமிழ்ப் பேராசிரியராக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1944இல். இருபது வருஷ இடைவெளி. பலர் பி.எல். முடித்ததும் தமிழுக்கு வந்துவிட்டதாக எழுதி அந்த இருபது வருஷத்தை முழுங்கிவிடுகிறார்கள்.

"மதுரைக்காரர்" என்று மட்டும் போட்டுவிடாதே. பிறந்தது சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை, 1901 ஜனவரி 8. நாடகக்காரர் தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் அவருடைய அண்ணன். மதுரைக்கும் அவருக்கும் உள்ள உறவு 1966 முதல் 1971 வரை, மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக. காமராசர் பெயர் 1978இல்தான் சேர்ந்தது. ஆகவே "மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்" என்றால் அவர் காலத்துக்குப் பொருந்தாது. "மதுரைப் பல்கலைக்கழகம், இன்றைய காமராசர் பல்கலைக்கழகம்" என்று எழுது. அன்றைக்கு எல்லையும் பெரிசு: மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி நான்கு மாவட்டமும் இதற்குக் கீழே. நெல்லைக்குத் தனிப் பல்கலைக்கழகம் 1990இல் வந்தது.

வயதைக் கவனி. பதவி ஏற்கும்போது 65. சுப்பிரமணிய ஐயர் 1904இல் 62ஐ ஒட்டி. ஆனால் இருவருக்கும் வேலை ஒன்றில்லை. ஐயர் இருந்து இயங்குகிற சபைக்குத் தலைவரானார். தெ.பொ.மீ. கையில் கொடுத்தது ஒரு சட்டம், 1965ஆம் வருஷத்து 33ஆம் எண் சட்டம். அதை வைத்துக்கொண்டு துறை, பாடத்திட்டக் குழு, இணைப்பு விதி எல்லாம் முதலிலிருந்து உண்டாக்க வேண்டும். அந்த இடத்தில் பி.எல். படிப்பு சும்மா கிடந்திருக்காது என்பது என் கணிப்பு. கட்டுரையில் அதை உண்மைத் தகவலாகப் போடாமல் உன் கருத்தாகவே போடு.

எழுத்திலே அவர் வக்கீல் மூளை தெரிகிற இடம் சிலப்பதிகார ஆராய்ச்சி. எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்று தானே எடுத்துவைத்துவிட்டு அதற்குப் பதில் சொல்வார். கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கிற வழக்குரை காதை நம்ம ஊரில் நடப்பது உனக்குச் சௌகரியம். பத்மபூஷண் 1977, மறைவு 1980 ஆகஸ்ட் 27.

கோப்புக்கட்டு எழுதியது:

மூன்றாவது கேள்வி. இன்றைய அளவுகோல் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள். துணைவேந்தருக்கு வேண்டியது பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பத்து வருஷம், அல்லது பெயர்பெற்ற ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக அமைப்பில் பத்து வருஷமும் தலைமை ஏற்றதற்கு ஆதாரமும். கோர்ட் ப்ராக்டீஸ் இந்த இரண்டிலும் ஒட்டாது. முப்பது வருஷம் சீனியராக நின்றாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம்.

பின்னோக்கி எண்ணிப் பார். எல்.எல்.எம்.மில் 55 சதவீதம், நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, உதவிப் பேராசிரியர். சம்பள நிலை 10, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700. அடுத்த நிலைக்கு பிஎச்.டி. இருந்தால் 4 வருஷம், எல்.எல்.எம். மட்டும் என்றால் 5. அதற்கடுத்து 5, அப்புறம் 3, இன்னொரு 3. பேராசிரியர் ஆகும்போது 15 அல்லது 16 வருஷம். இணைப் பேராசிரியர் நிலையிலிருந்து பிஎச்.டி. இல்லாமல் கதவு திறக்காது, அதனால் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. பேராசிரியராக இன்னும் 10. ஆக 25 வருஷம், எந்தத் தாமதமும் இல்லையென்றால். நேரடி நியமனத்தில் சுருக்கலாம்: பிஎச்.டி., பத்து வெளியீடு, ஆய்வு மதிப்பெண் 120, பத்து வருஷக் கற்பித்தல். அப்போது 20.

கணக்கு கவிழ்கிற இடங்கள் இரண்டு. கெஸ்ட் லெக்சரர் வருஷங்கள் சேர வேண்டுமானால் தகுதி விதிப்படி இருக்க வேண்டும், முறையான தேர்வுக் குழு எடுத்திருக்க வேண்டும், வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத மொத்தச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. மூன்றாவதில்தான் பெரும்பாலோர் விழுவார்கள், மணிக்கணக்குச் சம்பளம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டாவது, லீவு போட்டு பிஎச்.டி. செய்த காலம் கற்பித்தல் அனுபவமாக எண்ணப்படாது. வேலையிலிருந்தபடி லீவு எடுக்காமல் செய்தால் எண்ணப்படும். சேவைப் பதிவேட்டில் அதை அப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

நியமனம் எப்படி உடைகிறது என்பதற்கும் இரண்டு தீர்ப்பு போதும். 2022 மார்ச்சில் குஜராத் சர்தார் படேல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, பத்து வருஷப் பேராசிரியர் தகுதி விஷயத்தில். அதே வருஷம் அக்டோபரில் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: தேடல் குழு மூன்றிலிருந்து ஐந்து பெயர் கொடுக்காமல் ஒரே பெயர் அனுப்பியதால் போயிற்று. நம்ம காமராசர் பல்கலைக்கழகத்திலும் 2018 ஜூனில் ஒரு நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நியமிக்கும் அதிகாரம் வேந்தருக்கா அரசுக்கா என்பதை மொட்டையாக எழுதாதே. 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை அரசு பக்கம் திருப்பிய தமிழ்நாட்டு மசோதாக்களுக்கு உயிர் கொடுத்தது, மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அச்சுக்குப் போகிற அன்றைக்கு நிலவரத்தைப் பார்த்துத் தேதியோடு எழுது.

கருப்புக்கோட்டு எழுதியது:

நன்றி அண்ணே. ஒரே ஒரு சந்தேகம். ப்ராக்டீஸ் செய்துகொண்டே பாடம் நடத்தி இரண்டையும் சேர்த்து ஓட்ட வழி உண்டா?

தல்லாகுளம் எழுதியது:

பகுதி நேரமாக உண்டு. வக்கீல்கள் சட்டம் கற்பிக்கும் உரிமை விதிகள், 1979. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் பாடம் எடுக்கலாம், ப்ராக்டீஸ் நிற்காது. முழு நேரச் சம்பளத்தில் சேர்ந்தால் பார் கவுன்சில் 49ஆம் விதி வந்து நிற்கும்: பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து ப்ராக்டீஸை நிறுத்திவைக்க வேண்டும். சேர்ந்த பிறகும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் ஒழுங்கு நடவடிக்கை. ஆனால் மூன்று மணி நேர வகுப்பு, கோப்புக்கட்டு சொன்ன சம்பளச் சல்லடையில் நிற்காது. சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டு பேராசிரியர் வருஷம் சேர்க்க முடியாது என்பதுதான் நடைமுறை.

வடக்குமாசி எழுதியது:

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் ஒன்று. ஹிந்து பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் வேறு ஆள். அவரும் 1885 காங்கிரஸில் இருந்தார். படம் தேடும்போது இரண்டும் கலந்து வரும். முதலெழுத்தைப் பார்த்துவிட்டு எடு.