சுவடிக் கட்டின் மேல் இருக்கும் சீட்டும் உள்ளே இருக்கும் ஏடும்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் அரிய நூல் பிரிவில், ஓலைச்சுவடிகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களுக்கும் அட்டவணை தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். பழைய மருத்துவ ரகசியங்களை நாள் முழுவதும் படித்துக்கொண்டிருப்பேன் என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு சொல்வது சரிதானா என்று பார்ப்பதிலேயே என் நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

மறக்க முடியாத கட்டு ஒன்று உண்டு. அதன் சீட்டிலும் நூலகத்தின் பழைய அட்டவணை அட்டையிலும் ‘வில்லி பாரதம், குறை’, அதாவது முழுமையற்றது, என்று எழுதியிருந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததால், பாதுகாப்புப் பிரிவினர் எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எழுத்தாணிக் கீறல்களில் கரி தேய்த்த பிறகே வரிகள் புலப்பட்டன. இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண் தமிழ் எண்களில் இருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் ௰௭ என்பதை ‘யஎ’ என்று எழுத்தாகவே படித்துக் குழம்புவது வழக்கம். அது பதினேழாம் ஏடு. எண்களின்படி அடுக்கிப் பார்த்தபோது முதல் சில ஏடுகள் இல்லை என்பதும், நடுவில் சில ஏடுகள் இடம் மாறிக் கோக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தன.

எஞ்சிய ஏடுகளின் தொடக்கத்தில் இருந்த செய்யுள்கள் வில்லிபுத்தூராரின் அச்சுப் பதிப்போடு பொருந்தின. சற்றுத் தள்ளிப் படித்தபோது, வில்லியின் இரண்டு பாடல்களுக்கு நடுவே பதிப்பில் இல்லாத பாடல்கள் வரிசையாக வந்தன. இடைச்செருகல் என்று குறித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கடைசிப் பகுதியில் சாந்தி பருவம் வந்ததும் ஐயம் தீர்ந்துவிட்டது. வில்லியின் நூல் 10 பருவங்களோடு, சௌப்திக பருவத்தில் முடிந்துவிடுகிறது. வில்லியின் பாடல்களையும் உள்ளடக்கி 18 பருவங்களையும் பாடியவர் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நல்லாப்பிள்ளை. பழைய அட்டையை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல், எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில், காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்ற, சொற்கள் இடைவெளியின்றி ஓடும் எழுத்தை வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் பட்டியல் போட வேண்டியிருந்தவர்கள் முதல் சில ஏடுகளை மட்டும் பார்த்தே தலைப்பிட்டிருப்பார்கள். தொடக்க வரியையும் முடிவு வரியையும் எடுத்தெழுதுவதோடு, நடுவிலிருந்தும் ஓரிரு வரிகளைத் தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பழைய தலைப்பையும் நீக்கவில்லை; முன்பே வெளிவந்த ஆய்வேடுகள் அந்தப் பெயரிலேயே இந்தக் கட்டைச் சுட்டுகின்றன.

காலத்தைக் கணிப்பது வேறு வகைத் தலைவலி. ஏட்டின் இறுதியில் ‘குரோதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1785, 1845, 1905 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், ஏனெனில் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்துச் சுவடிகளில் கேரளத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு என்பது நமக்குப் பெரிய உதவி. குரோதியோடு ௲௨௰ என்று இருந்தால் அது கொல்லம் 1020; தை மாதம் என்பதால் 825ஐக் கூட்ட, 1845 என்று உறுதியாகிவிடுகிறது. ஆவணிக்கும் மார்கழி நடுவுக்கும் இடைப்பட்ட தேதியென்றால் 824தான் கூட்ட வேண்டும். அதே இறுதிக் குறிப்பில் ஏட்டை எழுதியவர், எழுதச் செய்தவர், நூலாசிரியர் என்று மூன்று பெயர்கள் வரக்கூடும். கணினி மென்பொருளோ ஆசிரியர் கட்டத்தை நிரப்பாமல் நகர விடுவதில்லை. ஏடு எழுதியவர்கள் பலர் காவியப் புலவர்களாக உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அச்சு நூல்கள் இந்த அளவுக்குப் படுத்துவதில்லை. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டத்துக்குப் பிறகு அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருந்தாக வேண்டும் என்று ஆனதால், தலைப்புப் பக்கம் கிழியாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தொல்லை கொடுப்பவை, பல சிறு நூல்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த தொகுதிகள்தாம். ஒரு தலபுராணத்தின் பெயரில் பதிவான தொகுதிக்குள் இரண்டு அம்மானைகளும் ஒரு பஞ்சாங்கமும் யாரும் கேட்காமலே கிடந்தன.

சுவடி கொடுக்க வருபவர்களோடு பேசுவதும் இந்த வேலையில் அடங்கும். ஒரு பெரியவர் துணியில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, தம் பாட்டனாரின் வைத்திய ஏடு என்று கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. மா, காணி, முந்திரி என்ற பழைய பின்ன அளவுகளில் நிலக் கணக்கும், யார் யார் எவ்வளவு நெல் அளந்தார்கள் என்ற குறிப்பும்தான் இருந்தன. வேளாண் வரலாறு ஆராய்பவருக்கு இது மருந்துக் குறிப்பைவிடப் பெரிய செல்வம் என்று சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. “தம்பி, ஊரில் எங்கள் வீட்டை வைத்தியர் வீடு என்றுதான் சொல்வார்கள், வைத்தியம் என்றே போட்டுவிடுங்களேன்” என்றார். தலைப்பில் ‘நிலக் கணக்கு’ என்றும், குறிப்புப் பகுதியில் ‘வைத்தியர் குடும்பத்துச் சுவடி என்பது வழங்கியவர் கூற்று’ என்றும் எழுதிப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டாவது வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நன்கொடைப் படிவத்தில் கையெழுத்திட்டார்.