ஜேர்மனியில் மாஸ்டர்ஸ் செய்ய 3 வருட ஜெனரல் டிகிரி போதுமா, 4 வருட ஸ்பெஷல் வேண்டுமா?

தம்பிலுவில்_பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் அம்பாறை மாவட்டம், திருக்கோவில் பக்கம். கிழக்கில் ஒரு கம்பஸில் பிஎஸ்சி இரண்டாம் வருடம் முடிகிறது. கணிதம், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம் என்று மூன்று பாடம். ஜிபிஏ, அதாவது சராசரிப் புள்ளி, இப்போதைக்கு 4க்கு 3.3. கணினி விஞ்ஞானத்தில் ஸ்பெஷல் செய்யக் கேட்டால் கிடைக்கும் என்று துறையில் சொன்னார்கள். ஸ்பெஷல் என்றால் ஒரே பாடத்தை ஆழமாகப் படித்து 4 வருடம், ஜெனரல் என்றால் மூன்று பாடத்தோடும் 3 வருடத்தில் வெளியே வந்துவிடலாம்.

என் ஆசை ஜேர்மனியில் மாஸ்டர்ஸ். மட்டக்களப்பு டவுனில் ஒரு ஏஜென்சிக்கு அப்பாவோடு போனேன். அவர்கள் சொன்னது இதுதான்: ஜேர்மனியில் பச்சலர் டிகிரியே 3 வருடம்தான், அதனால் ஜெனரல் போதும், நாலாவது வருடம் வீண். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்துத் தருகிறோம், இப்போதே 2 இலட்சம் முன்பணம் கட்டுங்கள், இந்தக் கிழமைக்குள் கட்டினால்தான் இந்தத் தொகை. அப்பா வீட்டுக்கு வந்ததும் வயல் காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். இரண்டு ஏக்கர். பெரும்போகமும் சிறுபோகமும் அதில்தான் எங்கள் சாப்பாடு. ஈடு வைக்கலாம் என்கிறார். எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

கேட்க வேண்டியது மூன்று. ஜெனரலோடு போகலாமா? எவ்வளவு காசு உண்மையில் தேவை? பெரியம்மா சுவிஸில் இருக்கிறார், அவர் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தால் வங்கிக் கணக்கில் காசு காட்டாமல் விடலாமா? அங்கே படிக்கும் அண்ணாமார், அக்காமார் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

---

கல்லடிப்பாலம் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த 2 இலட்சத்தைக் கட்ட வேண்டாம். உறுதியை அலுமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசுவோம்.

நான் கல்லடி. இப்போது சார்ப்ரூக்கனில், சார்லாந்து பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் மாஸ்டர்ஸ் செய்கிறேன். ஏஜென்சி சொன்னதில் பாதி உண்மை. ஜேர்மன் பச்சலர் பெரும்பாலும் 3 வருடம், இசிடிஎஸ் என்று ஐரோப்பாவில் படிப்பின் அளவை எண்ணும் புள்ளியில் 180, அது சரி. ஆனால் இங்கே கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை அந்த மூன்று வருடமும் கணினி விஞ்ஞானமும் அதற்குத் தேவையான கணிதமும்தான் படிக்கிறது. நீங்கள் அதே மூன்று வருடத்தை மூன்று பாடத்துக்குப் பங்கு வைத்திருக்கிறீர்கள். மாஸ்டர்ஸுக்கு எடுக்கும்போது எத்தனை வருடம் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள், கணினி விஞ்ஞானத்தில் எத்தனை புள்ளி, அதில் தியரி எவ்வளவு, கணிதம் எவ்வளவு என்று பிரித்து எண்ணுவார்கள். பல அரச பல்கலைக்கழகங்களில் தெரிவு இந்த எண்ணிக்கையில்தான் தொடங்கும். ஜிபிஏ அதற்குப் பிறகு.

எண்ணுவது எப்படி என்று சொல்கிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு, வருடத்துக்கு 30 கிரெடிட். ஐரோப்பாவில் ஒரு இசிடிஎஸ் 25 முதல் 30 மணித்தியாலம், வருடத்துக்கு 60. அப்படியென்றால் எங்கள் ஒரு கிரெடிட் ஏறத்தாழ 2 இசிடிஎஸ். உங்கள் 3 கிரெடிட் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம் இங்கே 6 புள்ளி. இதைச் சொல்லாமல் ட்ரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடமும் புள்ளியும் உள்ள பட்டியலை, மட்டும் அனுப்பினால், வாசிக்கிறவர் 3 என்பதை 3 ஆகவே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பாதிப் படிப்பு அப்படியே காணாமல் போகும்.

எனக்கு அதுதான் நடந்தது. நான் ஸ்பெஷல் முடித்தவன், முதல் வருடம் ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தேன், ஐந்தும் நிராகரிப்பு. ஒரு இடத்தில் மட்டும் காரணம் எழுதியிருந்தார்கள்: தியரட்டிக்கல் கம்பியூட்டர் சயன்ஸ், அதாவது கணினி விஞ்ஞானத்தின் கோட்பாட்டுப் பகுதி, படித்ததற்கு ஆதாரம் போதாது. அந்தப் பகுதியில் வரும் ஓட்டோமேட்டாவும் படித்தேன், கம்ப்ளெக்சிட்டியும் படித்தேன், ஆனால் இரண்டும் வேறு ஒரு பெயருள்ள பாடத்துக்குள் இருந்தன. அடுத்த வருடம் துறையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன படித்தோம், எத்தனை மணித்தியாலம், எந்தப் புத்தகம் என்று விளக்கம் எழுதி, துறைத் தலைவரிடம் ஒப்பமும் முத்திரையும் வாங்கி, ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம் என்று பதிவாளரிடம் ஒரு கடிதமும் எடுத்தேன். அதே ஜிபிஏ, அதே ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி. இந்தத் தடவை இடம் கிடைத்தது. ஒரு முழு வருடம் போனது அந்தத் தாள்களுக்காகத்தான்.

ஜிபிஏ பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே 1.0 தான் ஆகச் சிறந்த புள்ளி, 4.0 என்றால் மட்டுமட்டாகச் சித்தி. மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு: உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை உச்சத்துக்கும் சித்திப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் பிரித்து, 3 ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். உச்சம் 4, சித்தி 2 என்று எடுத்தால் உங்கள் 3.3 இங்கே 2.05 ஆகும். 3.0 என்றால் 2.5. பல மாஸ்டர்ஸ் கற்கைகள் கேட்பது 2.5 அல்லது அதைவிட நல்ல புள்ளி. அதனால் உங்களுக்கு இப்போது நல்ல நிலை, 3.0க்குக் கீழே விழ விடாதீர்கள்.

காசு. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறிய தொகை மட்டும் கட்ட வேண்டும். விதிவிலக்கு உண்டு. பாடன் வூட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை எடுக்கிறது. பெரிய தொகை என்றால் அது விசாவுக்காக ஒரு வருடச் செலவுக் காசைப் போட்டுக் காட்டும் தடுப்புக் கணக்குத்தான், ஸ்பெர்கொன்டோ என்பார்கள். 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. எங்கள் காசில் 40 இலட்சத்தை ஒட்டி வரும். ஆனால் அது யாருக்கும் கட்டுகிற காசு இல்லை, உங்கள் காசுதான், வந்து இறங்கியதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும், அதில்தான் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி எல்லாம். ஒரு வருடத்துக்கு மட்டும்தான் அது. இரண்டாம் வருடத்துக்கு வேலை செய்துதான் ஆக வேண்டும். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய விடுவார்கள், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உதவியாளர் வேலை, ஹிவி என்று சொல்வது, கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது. இங்கே மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் டிஎஃப்கேஐ என்ற செயற்கை அறிவு ஆய்வு நிலையமும் பல்கலைக்கழக வளவுக்குள்ளேயே இருப்பதால் அப்படிப்பட்ட வேலை தேடுவது கொஞ்சம் லேசு. முதல் செமஸ்டரில் மட்டும் வேலைக்கு ஆசைப்படாதீர்கள், பாடம் கடினம்.

---

வாவிக்கரை எழுதியது:

மேலே கல்லடித் தம்பி எழுதியது எல்லாம் சரி. நான் என் சொந்தத் தம்பியை ஜேர்மனிக்கு அனுப்பி வைத்த ஒரு அக்கா, மட்டக்களப்பில்தான் வேலை செய்கிறேன், விட்டுப்போன இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பெரியம்மா விஷயம். சுவிஸில் இருந்து வெறுமனே கையெழுத்து வைத்தால் போதாது பிள்ளை. ஜேர்மன் விசாவுக்கு அப்படிப் பொறுப்பெடுப்பவர் வழமையாக ஜேர்மனியில் வதிவிட உரிமையோடு இருப்பவர், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்த் தன் சம்பளத்தைக் காட்டி எழுதிக் கொடுப்பார். பெரியம்மா உதவ நினைத்தால் தடுப்புக் கணக்குக்குக் காசு போடலாம், அது உண்மையான உதவி. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, இப்போதே காணியில் கை வைக்கத் தேவையே இல்லை.

இரண்டாவது, யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போடுகிற வீடியோக்களைப் பார்த்து, படிப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் எங்கே எடுப்பது என்று என் தம்பி ஒரு மாதம் அலைந்தான். அது இந்தியா, சீனா, வியட்நாம் பிள்ளைகளுக்கு. இலங்கைக்கு இல்லை. அந்த வீடியோக்கள் நல்லவைதான், பாடம் தெரிவு செய்ய உதவும், ஆனால் ஆவணம் என்று வரும்போது கொழும்பில் உள்ள ஜேர்மன் தூதரகத்தின் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் பாருங்கள்.

அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரை அனாபின் என்ற ஜேர்மன் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள், எச் பிளஸ் என்று இருந்தால் அங்கீகாரம் உள்ளது. இருந்தாலும் அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய பிள்ளை ஏன் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும்? கற்கைகளைத் தேட டிஏஏடி என்ற ஜேர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளம் இருக்கிறது, ஆங்கிலம், மாஸ்டர்ஸ், கணினி விஞ்ஞானம், கட்டணம் இல்லை என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் வழியாக விண்ணப்பிக்க முதல் இடத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து இடத்துக்கு 195 யூரோ. யூனி அசிஸ்ட் இல்லாமல் நேரடியாக எடுக்கிற இடங்களும் உண்டு. ஏஜென்சி செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான்.

அம்மா பயப்படுவா என்று நினைக்கிறேன், எங்கள் அம்மாவும் அழுதா. மாணவர் விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே விண்ணப்பித்து வையுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம். இறங்கிய பிறகு அறை தேடுவதுதான் தம்பி பட்ட பெரிய கஷ்டம், படிப்பு இல்லை.

---

சம்மாந்துறை_நானா எழுதியது:

தங்கச்சி, ஜேர்மனி மட்டும்தான் ஐரோப்பா என்று நினைக்க வேண்டாம். நான் இத்தாலியில் படித்தவன். அங்கே கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துப் போடுகிறார்கள், எங்களைப் போன்ற வயல் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். அதோடு மாகாணப் புலமைப்பரிசில் ஒன்று உண்டு, டிஎஸ்யூ என்பார்கள், அதற்கும் வருமானமும் சொத்தும்தான் அளவுகோல். கிடைத்தால் கட்டணம் இல்லை, கையிலும் காசு தருவார்கள், சில இடங்களில் விடுதியும் சாப்பாடும் சேர்த்து. பீசா பல்கலைக்கழகம் இத்தாலியில் முதன்முதலாக 1969இல் கணினி விஞ்ஞானப் பட்டம் தொடங்கிய இடம், படிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை.

கஷ்டத்தையும் சொல்கிறேன். வீட்டு வருமானம், காணி, வீடு எல்லாவற்றுக்கும் பிரதேச செயலகம் வரை போய் ஆவணம் எடுத்து, மொழிபெயர்த்து, உறுதிப்படுத்த வேண்டும். எனக்கு இதற்கே இரண்டரை மாதம் போனது. முதல் தவணைக் காசு நான் போய் நாலு மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவரை சமாளிக்கக் கையில் வைத்திருங்கள். முதல் வருடம் அவர்கள் கேட்கும் அளவு பாடம் சித்தியடையாவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நான் ராத்திரி பகலாகப் படித்தது அந்தப் பயத்தில்தான்.

எராஸ்மஸ் முண்டுஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாஸ்டர்ஸ் புலமைப்பரிசிலையும் விட்டுவிடாதீர்கள். மாதம் 1,400 யூரோ, கட்டணம் இல்லை, இரண்டு மூன்று நாட்டில் படிக்கலாம். போட்டி கடுமை, உண்மைதான். கடைசி வருடத்தில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், பெரும்பாலும் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. நீங்கள் ஸ்பெஷல் செய்தால் நாலாம் வருட ஆய்வுக் கட்டுரை கையில் இருக்கும், அங்கே அதற்கு நல்ல மதிப்பு.

---

தம்பிலுவில்_பிள்ளை எழுதியது:

கல்லடி அண்ணா, அக்கா, நானா, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு கம்பஸ் கைநூலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். முதல் இரண்டு வருடத்தில் கணினி விஞ்ஞானம் 18 கிரெடிட். ஜெனரலாக மூன்றாம் வருடமும் முடித்தால் 28 வரும், அதாவது 56 இசிடிஎஸ். ஸ்பெஷல் என்றால் 74 கிரெடிட், 148 இசிடிஎஸ். தாளில் எழுதி அப்பாவுக்குக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு வருடத்துக்காகவா காணியை விடப் போனோம் என்று கேட்டார்.

ஒரு சந்தேகம், அண்ணா. ஸ்பெஷலில் ஓட்டோமேட்டா விருப்பப் பாடம், அதே நேரத்தில் வெப் டெவலப்மென்ட்டும் இருக்கிறது. நண்பிகள் எல்லோரும் வெப் எடுக்கிறார்கள், கொழும்பில் வேலைக்கு அதுதான் உதவும் என்கிறார்கள்.

---

கல்லடிப்பாலம் எழுதியது:

ஓட்டோமேட்டா எடுங்கள். வெப் நீங்களே வீட்டில் இருந்து படிக்கலாம், ஓட்டோமேட்டா ட்ரான்ஸ்கிரிப்டில் இல்லாவிட்டால் அதை நீங்கள் படித்ததாக யாரும் ஏற்க மாட்டார்கள். லீனியர் அல்ஜிப்ரா, நிகழ்தகவு, அல்கோரிதம் மூன்றிலும் புள்ளி குறைய விடாதீர்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அந்தப் பாட விளக்கத்தை அப்போதே எழுதி விரிவுரையாளரிடம் ஒப்பம் வாங்கி வையுங்கள், பிறகு அவர் வெளிநாடு போய்விட்டால் ஆளைத் தேடி அலைய வேண்டி வரும். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். கொழும்பு போகும் நேரம் கிடைத்தால் கேத்தே நிறுவனத்தில் ஜேர்மன் மொழியின் ஆரம்ப நிலையான ஏ1 ஆவது முடித்துவிடுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் வீட்டுக்காரர், மருத்துவர், நகர அலுவலகம் எல்லாம் ஜேர்மன்தான். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், அந்த நேரத்தில் மொழி தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கே கண்ணால் பார்க்கிறேன்.

---

தம்பிலுவில்_பிள்ளை எழுதியது:

சரி அண்ணா. திங்கட்கிழமை ஸ்பெஷல் படிவம் கொடுக்கிறேன். முதல் இரண்டு வருடப் பாட விளக்கத்தையும் இந்த விடுமுறையிலேயே எழுதத் தொடங்குகிறேன், டேட்டா ஸ்ட்ரக்சரிலிருந்து. ஏஜென்சிக்காரர் காலையில் இரண்டு தடவை அழைத்தார். அப்பாவே எடுத்து, வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டார்.