எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த ஸ்டெப்பா? டான்ஸ் மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது?

சிங்காநல்லூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இரண்டு வருடமாக வீட்டுப் பக்கத்திலேயே ஒரு டான்ஸ் கிளாஸுக்குப் போகிறாள், சினிமாவும் வெஸ்டர்னும் கலந்து சொல்லித் தருகிறார்கள். மாஸ்டர் நல்ல மனுஷன், பிள்ளைகளை அதட்டக்கூட மாட்டார். அடுத்த மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் குழு நடனப் போட்டிக்கு ஒன்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எல்லாம் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். என் மகள் முன்வரிசையில் நடுவில் நிற்கிறாள், அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

போன வாரம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், இவள் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணடி. "இது என்னடி?" என்றேன். "இதுதான்மா எக்ஸ்பிரஷன், எனக்குத்தான் நல்லா வருதுன்னு மாஸ்டர் சொன்னாரு" என்கிறாள். தோசை கருகிவிட்டது.

அப்புறம் விசாரித்தால், நான்கு பாட்டை ஒட்டி மிக்ஸ் செய்திருக்கிறார்கள், அதில் இரண்டு ஐட்டம் பாட்டு. காஸ்ட்யூம் வயிறு தெரிகிற குட்டை டாப், வலைத்துணிப் பாவாடை. 2,800 ரூபாயில் பாதி கட்டியாகிவிட்டது, இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் மற்ற அம்மாக்கள் எல்லாரும் இதயம் போட்டு வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் என்னத்தைச் சொல்வது? வீட்டுக்காரர் "கிளாஸை நிறுத்து, பரதநாட்டியத்தில் சேர்த்துவிடு, பிரச்சினை தீர்ந்தது" என்கிறார். அவளோ டான்ஸ் என்றால் உயிரையே விடுவாள்.

நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா? இல்லையென்றால் மாஸ்டர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

மணல்மேடு88:

ரொம்ப யோசிக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்களும் ஆண்டு விழாவில் குத்துப்பாட்டுக்கு ஆடி வளர்ந்தவர்கள்தான், கெட்டா போய்விட்டோம்? பிள்ளைக்கு அர்த்தம் எங்கே தெரியப் போகிறது, தாளத்துக்கு ஆடுகிறது. டிவியிலேயே இதைவிட அதிகமாக வருகிறது. நாம் பார்க்கிற பார்வையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபைவ்சிக்ஸ்செவன்எயிட்:

திருச்சியில் 14 வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லித் தருகிறேன், அதனால் மாஸ்டர் தரப்பிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் மாஸ்டர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, அவசரம்தான். போன வருடம் எந்தப் பாட்டுக்கு மண்டபத்தில் விசில் பறந்ததோ அதை எடு, யூடியூபில் ஸ்டெப்பைப் பார், அப்படியே இறக்கு. ஒரு மாதத்தில் ஒன்பது பிள்ளைகளை மேடை ஏற்ற வேண்டும் என்றால் கை தானாக அங்கேதான் போகும்.

ஆனால் அந்த ஸ்டெப் யாருக்காகப் போட்டது என்று யோசிக்க வேண்டும் இல்லையா. வளர்ந்த ஒரு நடிகைக்கு, அதுவும் கேமராவுக்காகப் போட்டது. இடுப்புக்கு ஒரு குளோசப், கண்ணுக்கு ஒரு குளோசப், நடுவில் வெட்டு. அதை எடுத்துப் பிள்ளை உடம்பில் வைத்தால் டான்ஸ் எல்லாம் உதிர்ந்துபோய் இடுப்பு வெட்டும் கண்ணடியும் மட்டும்தான் மிஞ்சும். பார்க்கவும் நன்றாக இருக்காது, எட்டு வயதில் இடுப்பை மட்டும் தனியாக அசைக்க வராது, முழு உடம்பும் சேர்ந்து ஆடும். அந்த வயதுக்கு எது வரும்? குதிக்க வரும், ஓடி வந்து சட்டென்று நிற்க வரும், விழுந்து எழ வரும், உருள வரும். ஒன்பது பேரும் ஒரே எண்ணிக்கையில் குதித்து ஒரே நேரத்தில் தரையில் கால் வைத்தால் வருகிற சத்தத்துக்கே கைத்தட்டல் கிடைக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

நடுவராகவும் சில இடங்களுக்குப் போயிருக்கிறேன். நான் பார்த்த மதிப்பெண் தாளில் எல்லாம் ஒத்திசைவு, ஃபார்மேஷன், எனர்ஜி, எக்ஸ்பிரஷன், காஸ்ட்யூம் என்றுதான் இருக்கும், வயதுக்குத் தகுந்ததா என்று ஒரு வரி இருக்காது. அந்த எக்ஸ்பிரஷன் பத்து மார்க்குக்குத்தான் இந்தக் கண்ணடி எல்லாம். திருட்டு முழி முழித்தாலும் எக்ஸ்பிரஷன்தான், ஐஸ்கிரீம் கீழே விழுந்த மாதிரி முகம் வைத்தாலும் எக்ஸ்பிரஷன்தான் என்று மாஸ்டருக்கு யாராவது சொன்னால் போதும்.

காஸ்ட்யூமுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. பிள்ளையை அந்த உடையோடு பெஞ்சு மேல் நிறுத்துங்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுங்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். மண்டபத்தில் மேடை நாலடி உயரம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்பது போனும் இந்தக் கோணத்தில்தான் எடுக்கும், அன்றைக்கு ராத்திரியே ஸ்டேட்டஸில் ஏறிவிடும். வலைத்துணி கடையில் கெட்டியாகத் தெரியும், பின்னால் இருந்து லைட் விழுந்தால் எல்லாம் தெரியும். உள்ளே சைக்கிளிங் ஷார்ட்ஸ், வயிற்றுக்குத் தோல் நிறத்தில் துணி வைத்துத் தைப்பது, தோள்பட்டையில் எலாஸ்டிக். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பாட்டை மாற்ற மாஸ்டர் தயங்குவார், ஏனென்றால் கவுண்ட் எல்லாம் போட்டு முடித்திருப்பார். அதனால் பாட்டை எடுங்கள் என்று சொல்லாதீர்கள், "இந்த இரண்டு சரணம் மட்டும் வேண்டாம் சார், அந்த இடத்துக்குத் தாளம் மட்டும் ஓடட்டுமே" என்று சொல்லுங்கள். மிக்ஸ் போடுபவருக்கு அது அரை மணி நேர வேலை. தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பிக்க வேண்டாம். எல்லார் முன்னாலும் கேட்டால் எந்த மாஸ்டரும் முறுக்கிக்கொள்வார். கிளாஸ் முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் தனியாகக் கேளுங்கள், அதுவும் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால்.

மணல்மேடு சார், டிவியைச் சொன்னீர்கள். 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் சேனல்களுக்கு இதைப் பற்றித்தான் அறிவுரை அனுப்பியது, சினிமாவில் பெரியவர்கள் ஆடிய அசைவுகளை ரியாலிட்டி ஷோவில் சின்னப் பிள்ளைகளை ஆட வைக்கிறீர்கள், அது வயதுக்கு ஒவ்வாதது, பிள்ளைகள் மனதையும் பாதிக்கும் என்று. ஆனால் அது டிவிக்கு மட்டும். மண்டபத்துக்கு யாரும் எதுவும் அனுப்பவில்லை.

இரண்டு_வாலுகள்:

ஊர்த் திருவிழாவில் ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டால் ஆபாச அசைவு கூடாது, அரைகுறை உடை கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் ஆடுவதற்கே அவ்வளவு. பிள்ளைகள் போட்டிக்கு ஒன்றுமே இல்லை, வேடிக்கைதான்.

பையன்களை எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள். என் பெரியவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஆண்டு விழாவில் ஆறு பையன்கள் ஒரு பெண் பிள்ளையைச் சுற்றிவந்து விசிலடித்து, துப்பட்டாவை இழுத்து, முத்தம் ஊதுகிற மாதிரி ஒரு டான்ஸ். பெற்றோர் கூட்டம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் பள்ளி வேனில் அதே ஸ்டெப்பை உடன் வருகிற பெண்ணிடம் செய்து காட்டி டீச்சரிடம் அடி வாங்கினான். "மேடையில் செஞ்சப்ப எல்லாரும் கை தட்டுனீங்களே" என்றான். என்னத்தைப் பதில் சொல்வது?

சலங்கைச்சத்தம்:

சிங்காநல்லூர்க்காரி, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு ஒரு வார்த்தை. நான் பரதநாட்டிய ஆசிரியை, அதனால் மாணவி கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் பரதத்தில் சேர்த்துவிட்டால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், உடை மறைவாக இருக்கிறதே தவிர கேள்வி அங்கேயே இருக்கிறது.

பதம், ஜாவளி என்று முகபாவத்தோடு ஆடும் காதல் பாட்டுகள் எல்லாம் யாருடைய பேச்சு? பெரும்பாலும் வளர்ந்த ஒரு பெண் தன் காதலனைப் பற்றிப் பேசுவது. இரவெல்லாம் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு விடியற்காலையில் வருகிறான், உடம்பில் நகக்குறி இருக்கிறது, அதைக் காட்டி இவள் கேட்கிறாள். கண்டிதை நாயகி என்போம். அருமையான இலக்கியம். அதை ஒன்பது வயதுப் பெண், ஜூனியர் பிரிவுப் போட்டியில், குரு செய்து காட்டிய முகபாவத்தை அப்படியே ஒட்டவைத்துக்கொண்டு ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். நடுவர்கள் "என்ன முதிர்ச்சி!" என்று பரிசு கொடுத்தார்கள். எனக்கு அந்த முதிர்ச்சி என்ற சொல்தான் உறுத்தியது.

சிருங்காரம், அதாவது காதல் பாவம், வேண்டுமா வேண்டாமா என்பது எங்கள் துறையில் பழைய சண்டை. 1936இல் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அதைக் குறைத்து பக்தியை முன்னால் வைத்தார். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மா சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர் என்று கடைசிவரை நின்றார், 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பேசியபோதும் அதைத்தான் சொன்னார். நான் பாலா அம்மா கட்சி. ஆனால் அந்தச் சண்டை வளர்ந்த கலைஞர்களைப் பற்றியது, நாலாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றியது இல்லை. பிள்ளைகளுக்குக் கதையில்லாமல் தாளத்துக்கு ஆடும் அலாரிப்பு இருக்கிறது, ஜதீஸ்வரம் இருக்கிறது, சாமி மேல் பாடும் கவுத்துவம் இருக்கிறது, பாரதியார் பாட்டு இருக்கிறது, கண்ணன் வெண்ணெய் திருடுவதை ஆடச் சொன்னால் வீட்டில் பழகியே வைத்திருக்கும். பதத்துக்கு என்ன அவசரம்? பதினெட்டு வயதில் ஆடட்டும்.

அதனால் எந்தக் கிளாஸ் என்று பார்க்காதீர்கள், பிள்ளை வாயில் யாருடைய பேச்சை வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

எடிசன்_அம்மா:

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பிள்ளைகள் டான்ஸ் போட்டி என்பது பெரிய வியாபாரம், சனி ஞாயிறு ஆனால் ஏதாவது ஒரு அரங்கில் காலை ஏழு மணிக்கே நம்பர் ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கேயும் இதே தகராறுதான். 2010இல் கலிபோர்னியாவில் ஒரு போட்டியில் எட்டு ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள் ஒரு பிரபல பாப் பாட்டுக்கு ஆடிய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. நன்றாகத்தான் ஆடினார்கள், அதில் சந்தேகமே இல்லை. உடையையும் அசைவையும் பார்த்து ஊர் கொதித்தது, போட்டி உலகத்தில் இது சாதாரணம்தான் என்று பெற்றோர் டிவியில் வந்து சொன்னார்கள். பெற்றோர் சொன்னதும் பொய் இல்லை, வருடக்கணக்காக அதற்குள்ளேயே இருந்தால் கண் பழகிவிடும். உங்களுக்கு இன்னும் பழகவில்லை, அதனால்தான் தோசை கருகியது.

இங்கே பல போட்டிகளின் விதிப் புத்தகத்தில் பாட்டோ உடையோ குடும்பத்தோடு பார்க்கத் தகாததாக இருந்தால் நடுவர் மதிப்பெண் குறைக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் போட்டியின் விதித்தாளை வாங்கிப் பாருங்கள், அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் வேலை சுலபம்.

ஸ்கின் கலர் துணி வைக்கச் சொன்னால் ஒன்று கவனியுங்கள். என் மகளுக்கு வந்த உடையில் "தோல் நிறம்" என்று போட்டு வந்தது வெள்ளைக்காரத் தோல் நிறம். மாநிறப் பிள்ளை வயிற்றில் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி இருந்தது. கடைசியில் கெட்டியாக டீ போட்டு அதில் முக்கிக் காயவைத்தேன், ஓரளவு சேர்ந்தது. நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்களின் ஹார்லெம் பாலே குழு 1974லேயே அவரவர் தோல் நிறத்துக்குக் காலுறையும் ஷூவும் அணிய ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர்களுக்கு அது தெரியத்தான் இத்தனை வருடம் ஆகிறது. நம்ம ஊர் காஸ்ட்யூம் கடையிலும் அதே ரோஸ் நிறத் துணியைத்தான் நீட்டுவார்கள், பாருங்கள்.

மணல்மேடு88:

அந்த வேன் கதையைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குத்துப்பாட்டே கூடாது என்று போய்விடாதீர்கள் ஐயா. பறையும் உறுமியும் இல்லாமல் பிள்ளைகள் என்ன ஆடும்?

ஃபைவ்சிக்ஸ்செவன்எயிட்:

அதே உறுமிக்கு ஒயிலாட்ட அடவு போடலாம் சார், கையில் துணி பிடித்துக்கொண்டு ஒன்பது பேர் வரிசை மாறினால் மண்டபமே எழுந்து நிற்கும். 2022லிருந்து அரசுப் பள்ளிகளுக்கு நடக்கும் கலைத் திருவிழாவில் கிராமிய நடனப் பிரிவைப் போய்ப் பாருங்கள், குத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை.

சிங்காநல்லூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று பேசிவிட்டேன், செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான். நான் மென்று முழுங்கிக்கொண்டு "அந்தக் கண்ணடிக்கிற எட்டு கவுண்ட் மட்டும் சார்" என்று ஆரம்பித்ததுமே அவர் தலையைச் சொறிந்தார், "ஒரு பாட்டியம்மாவும் கேட்டாங்க மேடம்" என்றார். குழுவில் இதயம் போட்டவர்களிலும் இரண்டு பேர் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தார்கள், யார் முதலில் சொல்வது என்று காத்திருந்தார்களாம்.

ஒரு ஐட்டம் பாட்டு போய்விட்டது, அந்த இடத்தில் உறுமி மட்டும். இன்னொன்றை விட மாட்டேன் என்கிறார், ஆனால் வரி வராமல் இசை மட்டும் வைக்கிறேன் என்றிருக்கிறார். முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். டாப்பை நீளமாக்க டெய்லர் 150 ரூபாய் கூடக் கேட்கிறார், நான்கு வீட்டில் முணுமுணுப்பு. விதித்தாளில் நீங்கள் சொன்ன வரி இல்லை, எடிசன் அம்மா, "காஸ்ட்யூமுக்கு 10 மதிப்பெண்" என்று மட்டும் இருக்கிறது.

மகள்தான் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, அவளுக்கு மட்டும் வந்த எக்ஸ்பிரஷனைப் பிடுங்கிவிட்டேனாம். அந்த இடத்தில் இப்போது ஒன்பது பேரும் விழுந்து எழ வேண்டும், இவள் கடைசியாக எழ வேண்டும். இன்று காலை ஃப்ரிட்ஜ் முன்னால் பதினேழு முறை விழுந்தாள், எண்ணினேன். முட்டியில் சிராய்ப்பு. பயிற்சிக்கு முட்டிக்குப் போடுகிற பட்டை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கோவைக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.