போலீஸ் துப்பாக்கி எடுத்து நேர்ல பாத்த அனுபவம் இருக்கா? ஆந்திரா பார்டர் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

நகரி தறிக்காரன்:

காலைல இருந்து வாட்ஸப்புல ஒரே வீடியோ. போலீஸ் கால்ல சுட்டுப் புடிச்ச ஒருத்தன் கட்டோட ஸ்ட்ரெச்சர்ல, கீழ கைதட்டுற எமோஜி வரிசையா. முன்ன போலீஸ் புடிச்சவனோட மாவுக்கட்டு போட்டோ வரும், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்னு சிரிச்சுக்கினு ஃபார்வர்ட் பண்ணுவோம், இப்ப அது துப்பாக்கி வரைக்கும் வந்து நிக்குது. எங்க பக்கத்து புத்தூர் எலும்புக் கட்டுக்கு பேர் போன ஊரு, தமிழ்நாட்டுல கை கால் ஒடஞ்சவன் பஸ் ஏறி அங்க வருவான், இனி இந்த ஆளுங்களையும் அங்கயே அனுப்பிடலாம் போல.

சரி விஷயத்துக்கு வரேன். டீவில பாத்தத விடுங்க, நேர்ல பாத்தத சொல்லுங்க. நான் 2013 அக்டோபர் 5 சொல்றேன். சித்தி வீடு புத்தூர்ல, விடியறதுக்கு முன்னயே போன் வந்துச்சு, ஊருக்குள்ள வராதீங்க தமிழ்நாட்டு போலீஸ் வந்து ஒரு வீட்ட வளைச்சிருக்காங்கன்னு. வராதன்னு சொன்னா போவாம இருப்போமா, தறிய நிறுத்திட்டு பைக்க எடுத்துக்கினு போயிட்டோம். தெரு முனையிலயே கயிறு கட்டி நிறுத்திட்டாங்க, ஆனா சுத்தி இருக்கற மொட்டை மாடி எல்லாம் ஜனம், தேர் பாக்கற மாதிரி. உள்ள இருந்தது கொலை கேஸ்ல போலீஸ் தேடிக்கினு இருந்த பன்னா இஸ்மாயில், பிலால் மாலிக்னு அப்புறம்தான் தெரியும். கதவ தட்டப் போன தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருத்தருக்கு வெட்டு விழுந்துடுச்சு, போலீஸ் பதிலுக்கு சுட்டிருக்காங்க, அதுக்கப்புறம் ஆந்திராவோட ஆக்டோபஸ்ங்கற கமாண்டோ படை வந்து எறங்குது. அவ்ளோ துப்பாக்கிய நான் அதுக்கு முன்னயும் பாத்ததில்ல பின்னயும் பாத்ததில்ல. எல்லாரும் நெனச்சது முடிஞ்சுது கதை, பொணமாத்தான் வருவானுங்கன்னு. ஆனா மணிக்கணக்கா பேசிப் பேசி, பொம்பளையும் பிள்ளைங்களும் வெளிய வந்து, கடைசில ரெண்டு பேரையும் உயிரோட புடிச்சாங்க. கூட்டம் கைதட்டுச்சு பாருங்க, சுட்டிருந்தாலும் அதே கைதட்டு தான் கெடச்சிருக்கும்னு எனக்கு அப்பவே தோணுச்சு. மாடில நின்ன ஒரு பெரியவர் மட்டும் தெலுங்குல, இவ்ளோ நேரம் எதுக்கு, உள்ள பூந்து சுட்டுட்டு போவ வேண்டியது தானேன்னு கத்திக்கினே இருந்தாரு. அவருக்கு மதிய சாப்பாட்டுக்கு லேட் ஆவுது.

மலையடிவாரம்:

நான் போளூர் பக்கம். அண்ணே, நீங்க மாடில நின்னு பாத்தீங்க, எங்க ஆளுங்களுக்கு அது பஸ்ல நடந்துச்சு.

2015 ஏப்ரல் 7, திருப்பதி பக்கத்து சேஷாசலம் காட்டுல ஆந்திரா போலீஸ் சுட்டு செத்தது 20 பேர், எல்லாம் ஜவ்வாதுமலை, சித்தேரிமலைன்னு திருவண்ணாமலை தருமபுரி பக்கத்து ஆளுங்க தான் பெரும்பாலும். செம்மரம் வெட்ட வந்தாங்க, நிறுத்தச் சொன்னோம், கல்லு கோடாலி வீசுனாங்க, தற்காப்புக்கு சுட்டோம், இது ஆந்திரா தரப்பு. ஆனா தப்பிச்சு வந்தவங்க சாட்சி வேற. பஸ்ல போயிக்கினு இருந்தவங்கள நகரி புத்தூர் பக்கம் எறக்கிக் கூட்டிட்டு போனாங்கன்னு சொன்னாங்க, அதுல ஒருத்தர் சீட்டுல ஒரு பொம்பள பக்கத்துல உக்காந்திருந்தாரு, புருஷன் பொண்டாட்டின்னு நெனச்சு விட்டுட்டாங்களாம். ஒரு சீட்டு தள்ளி உக்காந்திருந்தா அவரும் அந்த 20ல சேந்திருப்பாரு.

இன்னொன்னையும் சொல்லணும், இல்லன்னா நியாயமா இருக்காது. 2013 டிசம்பர்ல அதே காட்டுல வனத்துறை ஆபீசர் ரெண்டு பேர கடத்தல்காரங்க அடிச்சே கொன்னாங்க. அந்த கோவம் அவங்களுக்கு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா மரத்த வித்து பங்களா கட்டுனவன் எவன் மேலயும் குண்டு படல. மேஸ்திரி வந்து அட்வான்ஸ் குடுப்பான், காட்டுக்குள்ள போறவன் கூலிக்காரன், செத்தவனும் கூலிக்காரன்.

என் மச்சான் கட்டட வேலைக்காரன், மரமும் தெரியாது மண்ணும் தெரியாது. பொண்ணுக்கு மொட்டை போட திருப்பதி பஸ்ல குடும்பத்தோட போறான், நடுவுல நிறுத்தி ஏறுன சீருடைக்காரங்க ஆம்பளைங்கள மட்டும் எறக்கி உள்ளங்கைய காட்டச் சொல்றாங்க, காப்பு காச்சி இருக்கான்னு பாக்க. சிமெண்ட் கலக்கறவன் கை எப்படி இருக்கும்? துப்பாக்கிய அவன் மேல நீட்டக்கூட இல்ல, தோள்ல தான் மாட்டியிருந்தாங்க, ஆனா அவன் பொண்ணு அப்பா காலக் கட்டிக்கினு விடவே இல்லியாம். மொட்டை அடிக்காத தலையப் பாத்துத்தான் விட்டாங்கன்னு இப்ப சிரிச்சுக்கினே சொல்றான், அன்னைக்கு ராத்திரி சாப்பிடலன்னு எங்க அக்கா சொல்லுச்சு.

திருத்தணி 631:

எங்கப்பா ஏட்டையாவா இருந்து எஸ்எஸ்ஐயா, அதான் சிறப்பு எஸ்ஐயா, ரிட்டயர் ஆனவர். நீங்க எல்லாம் துப்பாக்கிக்கு முன்னாடி நின்னவங்க, நாங்க பின்னாடி இருந்த குடும்பம், அதயும் கேளுங்க.

அவருக்கு சர்வீஸ் முழுக்க திருடன விட பயம் அந்த துப்பாக்கி மேல தான். பெல் ஆஃப் ஆர்ம்ஸ்னு சொல்ற துப்பாக்கி வெக்கற எடத்துல இருந்து எடுக்கறப்போ எழுதணும், வெக்கறப்போ எழுதணும், ரவுண்டு எத்தனைன்னு எண்ணிக் குடுக்கணும், ஃபயரிங் பிராக்டிஸ்ல சுட்ட காலி குப்பி ஒண்ணு குறைஞ்சாக்கூட ராத்திரி டார்ச் அடிச்சு புல்லுல தேடுவாங்க. 303 ரைஃபிள் தான் அப்போ, தூக்கிக்கினு ஓடவும் முடியாது. பந்தோபஸ்துக்கு வெளியூர் போனா தூங்கறப்போ பெல்ட்ட கால்ல சுத்திக்கினு படுப்பாராம், எவனாவது தூக்கிட்டா வேலை போயிடும்னு.

2017 டிசம்பர்ல சென்னையில இருந்து ராஜஸ்தான் போன இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பட்டு செத்தார் இல்ல, மொதல்ல கொள்ளைக்காரன் சுட்டான்னு சொன்னாங்க, அப்புறம் கூட வந்த இன்ஸ்பெக்டர் துப்பாக்கியில இருந்து வந்த குண்டுன்னு ராஜஸ்தான் போலீசே சொல்லிடுச்சு. அப்பா அன்னைக்கு டீவிய ஆஃப் பண்ணிட்டார். இருட்டுல கைகலப்புல துப்பாக்கி எடுத்தா யார் மேல படும்னு சுடறவனுக்கே தெரியாதுன்னார்.

அதுக்காக துப்பாக்கியே வேணாம்னு சொல்ல மாட்டேன். 2020 ஜனவரில களியக்காவிளை செக்போஸ்ட்ல டூட்டில இருந்த எஸ்எஸ்ஐ வில்சன சுட்டே கொன்னாங்க, அது கேரளா பார்டர், நம்ம செக்போஸ்ட் மாதிரியே ஒரு சேரு ஒரு லைட்டு. 2021 நவம்பர்ல எஸ்எஸ்ஐ பூமிநாதன், ஆடு திருடனுங்கள ராத்திரி தனியா விரட்டிப் போயி புடிச்சவர், வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் தான் டிஜிபி சைலேந்திரபாபு, ரோந்து போறவங்க துப்பாக்கி எடுத்துக்கினு போங்க, தற்காப்புக்கு பயன்படுத்த தயங்காதீங்கன்னு சொன்னார். ஸ்டேஷன்ல இருக்கற எங்க சொந்தக்காரங்க சந்தோஷப்பட்டாங்க, ஒருத்தர் மட்டும் தொந்திய தட்டிக்கினு, என்னால ஓடவே முடியல, இதுல இதயும் தூக்கணுமான்னார்.

சித்தூர் பாபு:

எதுக்கு இவ்ளோ பேச்சு. பொண்ணுங்க மேல கை வெக்கறவன சுடணும் அவ்ளோதான். கோர்ட்டுக்கு போனா பேரன் பேத்தி எடுத்துட்டு தான் தீர்ப்பு வரும். 2019ல ஹைதராபாத்துல லேடி டாக்டர் கற்பழிப்பு கொலைல புடிச்ச நாலு பேர போட்டாங்க, எங்க டீக்கடைல அன்னைக்கு டீ ஃப்ரீ, ஜனங்க போலீஸ் மேல பூ போட்டாங்க, அது தான் மக்கள் தீர்ப்பு.

மலையடிவாரம்:

அந்த டீக்கடைல 2022ல என்ன பேசிக்கினாங்க? அந்த நாலு பேர சுட்டத விசாரிக்க சுப்ரீம் கோர்ட் போட்ட சிர்புர்கர் கமிஷன் அறிக்கை வந்துச்சே. துப்பாக்கிய புடுங்குனானுங்க அதனால சுட்டோம்ங்கறது நம்பற மாதிரி இல்ல, சாவட்டும்னே சுட்டிருக்காங்கன்னு எழுதுனாங்க, நாலு பேர்ல மூணு பேர் அப்போ மைனர்னும் எழுதுனாங்க. உண்மையா அவனுங்க தான் குத்தவாளியான்னு இனிமே எந்த கோர்ட்டும் விசாரிக்க முடியாது. அவனுங்க தான்னா சந்தோஷம். இல்லன்னா செஞ்சவன் இன்னும் எங்கயோ டீ குடிச்சுக்கினு இருக்கான்.

சித்தூர் பாபு:

நீ உங்க ஆளுங்க செத்ததால பேசற. எனக்கும் ரெண்டு தங்கச்சி இருக்கு.

தடா ஷிஃப்ட் பொண்ணு:

தங்கச்சிய வெச்சு பேசறீங்களே, நான் அந்த தங்கச்சி வயசு தான், நான் சொல்றேன்.

கும்மிடிப்பூண்டில இருந்து ஆந்திரா பக்கம் இருக்கற ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஷிஃப்ட் போறேன், ராத்திரி கம்பெனி வண்டி ஹைவேல எறக்கி விட்டா அங்க இருந்து வீட்டுக்கு நடக்கணும். ஒரு தடவ பைக்ல ரெண்டு பேர் பின்னாடியே வந்தானுங்க, அப்போ ரோந்து ஜீப் வந்துச்சு, எறங்குன எஸ்ஐ இடுப்புல பிஸ்டல் இருந்துச்சு, பைக் காணாம போச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சா, இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த நிம்மதி ஜீப்பால, பிஸ்டலால இல்ல. ஜீப் தினமும் வந்தா போதும். அடுத்த வாரமே வரல, போன் பண்ணா ஏரியா எங்களுது இல்ல, அந்தாண்ட ஸ்டேட்டுன்னாங்க, அந்தாண்ட பண்ணா தமிழ்ல பேசறேன்னு போன வெச்சுட்டாங்க. என்ன ஏதாவது பண்ணப்புறம் ஒருத்தன சுட்டு நீங்க டீ ஃப்ரீயா குடிக்கறதுல எனக்கு என்ன கெடைக்குது? தெருலைட்டு போடுங்கன்னு மனு குடுத்து குடுத்து ஓஞ்சுட்டோம், அதுக்கு ஒரு எமோஜியும் வரல.

நகரி தறிக்காரன்:

பாப்பா சொன்னதுக்கு நான் என்னத்த சொல்ல.

631, உங்கள கேக்கறேன், சுட்டதுக்கு அப்புறம் என்ன நடக்கும்? செய்தி அதோட நின்னு போவுது.

திருத்தணி 631:

நடக்க வேண்டியது நிறைய இருக்கு. 2014ல பியூசிஎல்ங்கற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்குல, போலீஸ் சுட்டு சாவு நடந்தா என்ன செய்யணும்னு சுப்ரீம் கோர்ட் 16 வழிமுறை போட்டுது. எஃப்ஐஆர் போடணும், சிஐடியோ வேற ஸ்டேஷன் டீமோ தான் விசாரிக்கணும், அதே ஸ்டேஷன் கூடாது, சுட்ட துப்பாக்கிய ஒப்படைக்கணும், மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், சம்பவம் முடிஞ்ச கையோட ப்ரமோஷன் விருதெல்லாம் குடுக்கக் கூடாது. சுட்டது சரின்னு சந்தேகமில்லாம முடிவானாதான் அதெல்லாம். கைது பண்றப்போ தப்பிச்சு ஓடறான்னு எவனையும் சுட்டுக் கொல்லவும் சட்டத்துல எடமில்ல, தூக்கோ ஆயுளோ கெடைக்கற குத்தமா இருந்தாதான் பேச்சே. கூட்டத்து மேல சுடறதுக்கு தனி முறை இருக்கு, அது எவ்ளோ தூரம் கடைப்பிடிச்சாங்கன்னு தூத்துக்குடில 2018ல 13 பேர் செத்தப்புறம் அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கைய படிச்சா தெரியும், அப்பாவே படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல.

இன்னொன்னு, பேப்பர்ல உள் பக்கத்துல சின்னதா ஒரு விளம்பரம் வரும் கவனிச்சிருக்கீங்களா, இந்த சம்பவம் பத்தி தெரிஞ்சவங்க இந்த தேதில கோட்டாட்சியர் ஆபீசுக்கு வந்து சாட்சியம் சொல்லலாம்னு. மொட்டை மாடில நின்ன ஜனம் எல்லாம் அங்க வரலாம், தடையில்ல.

சித்தூர் பாபு:

யார் வருவா.

மலையடிவாரம்:

எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் வேற ஒரு கேஸ்ல அப்படி போனாரு. பஸ் செலவு அவரோடது, ஒரு நாள் கூலி போச்சு, சாயந்திரம் வரைக்கும் வராண்டால உக்கார வெச்சு கூப்பிட்டாங்க. நடந்தத சொல்லத் தான் போனாரு. அவங்க மொதல்ல கேட்டது, அந்நேரத்துல உனக்கு அங்க என்ன வேலைன்னு.