ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி இல்லை என்று காவல்துறை வாய்மொழியாகச் சொன்னால் போதுமா?

வடசென்னைவாசி:
குடிநீரில் கழிவுநீர் கலந்து வருவதைக் கண்டித்து ஒரு மணி நேரம் ஆர்ப்பாட்டம் நடத்த, எங்கள் தெரு மக்கள் அறுபது பேர் ஏழு நாள்களுக்கு முன்பே மனு கொடுத்திருந்தோம். முந்தின நாள் இரவு, அனுமதி இல்லை, மீறினால் கைது என்று தொலைபேசியில் மட்டும் தெரிவித்தார்கள். காரணத்தை எழுதித் தருமாறு கேட்டோம், தரவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19ஆவது பிரிவு வழங்கியிருக்க, ஒரு தொலைபேசி அழைப்பு அதைப் பறித்துவிடுமா?

வழக்கறிஞர், பாரிமுனை:
வணக்கம் ஐயா. சென்னையில் இந்த அதிகாரம் 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், 41ஆவது பிரிவிலிருந்து வருகிறது. பொது ஒழுங்கைக் கருதி ஆணையர் கூட்டங்களுக்குத் தடை விதிக்கலாம். அரசின் ஒப்புதலின்றி அத்தடை 15 நாள்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. ஆனால் ஓர் ஆணை காலாவதியானதும் அடுத்ததைப் பிறப்பிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது என்பதுதான் என்னை வருத்துகிறது. அகமதாபாத்தைச் சேர்ந்த ஹிமத்லால் ஷா வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், தெருவில் நடக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரி விருப்பப்படி மறுக்கும் விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே விரைவுத் தபாலில் புதிய மனு அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். மறுப்பை எழுத்தில் பெற்றால், அரசமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்க முடியும்; பதிலே வராவிட்டாலும், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரலாம்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மயிலாப்பூர்:
மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் இறுதி நாளில் மெரினாவைச் சுற்றி நடந்த வன்முறையை நேரில் கண்டவன் நான். பொதுச்சாலையைக் காலவரையின்றி அடைத்துப் போராட முடியாது என்று 2020இல் டெல்லி ஷாகீன் பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியது. ஆம்புலன்ஸ் நின்றுவிட்டால் யார் பொறுப்பு?

வடசென்னைவாசி:
நாங்கள் கேட்டது நடைபாதை ஓரம், ஒரு மணி நேரம், ஒலிபெருக்கி இல்லாமல். போராட்டங்களுக்கு வழக்கமாக இடம் தரப்படும் வள்ளுவர் கோட்டத்துக்குப் போகச் சொன்னால், எழுபது வயதுப் பாட்டிகள் எப்படி வருவார்கள்? குழாயைச் சரிசெய்ய வேண்டிய அதிகாரியின் கண்ணில் அது படுமா?

வழக்கறிஞர், பாரிமுனை:
மயிலாப்பூர் ஐயாவின் அச்சம் நியாயமானதே; அதற்காகத்தான் நேரத்தையும் இடத்தையும் வரையறுக்கும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதே 2020இல், காஷ்மீரில் விதித்த தடைகளை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில், தடையுத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும், அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவின்கீழ் அவற்றைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகாரத் துஷ்பிரயோகம் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மனுவில் இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் நான்கையும் எழுதுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவோம் என்ற உறுதியையும் சேருங்கள்.

வடசென்னைவாசி:
நன்றி ஐயா. நாளை காலையே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.