தரங்கம்பாடிக் கரையில் கொடுவாவுக்கு எந்த இரை போடலாம்?

கேள்வி (மயிலாடுதுறை)

வணக்கம். தரங்கம்பாடியில் உப்பனாறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே, கரையில் நின்று தூண்டில் போட்டு வருகிறேன். சந்தையில் வாங்கிய பண்ணை இறாலை உரித்து முள்ளில் கோத்து வீசினால், நரம்பு (தூண்டில் இழை) இரண்டு மூன்று முறை வெடுக்கென்று சுண்டுகிறது. சுற்றி எடுத்துப் பார்த்தால் முள் வெறுமையாக இருக்கிறது. மீன் சிக்கினாலும் பெரும்பாலும் கெளுத்திதான். எனக்கு வேண்டியது கொடுவா. முள், நரம்பு, ஈயக்குண்டு ஆகியவற்றை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. செயற்கை இரைக்கு மாறுவதா, இயற்கை இரையிலேயே வேறொன்றை முயல்வதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (நாகப்பட்டினம்)

உங்கள் இரையைத் தின்பது கொடுவா அல்ல. அப்படிச் சுண்டி இழுப்பவை நண்டும், உடலை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனும், சிறு மீன்களும்தான். ஓடு நீக்கிய இறால், அதிலும் பனிக்கட்டியில் கிடந்து வெளுத்துத் தளர்ந்த பண்ணை இறால், அவற்றின் வாய்க்கு ஒரு நொடிக்கு மேல் தாங்காது. அதன் வாசனை நீரில் பரவுவதால், மோப்பத்தை நம்பித் தரையில் மேயும் கெளுத்தி முதலில் வந்து சேர்கிறது. கொடுவாவோ அசையும் இரையைப் பார்த்தும் அதிர்வை உணர்ந்தும் பாய்ந்து, வாயை அகலத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும் மீன். ஆகவே அதற்கு உயிருள்ள இரையைக் கொடுங்கள்.

முதல் தேர்வு, விரல் நீள மடவைக் குஞ்சு. கழிமுகத்து ஆழமற்ற நீரில் வீச்சு வலை போட்டால் அங்கேயே கிடைக்கும். முள்ளை இரண்டு உதடுகளின் வழியாகவோ முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னாலோ மேலாகக் கோத்தால், அது நெடுநேரம் நீந்தும். அடுத்தது உயிர் இறால். அதன் தலைக் கொம்புக்குக் கீழே, உள்ளே கருப்பாகத் தெரியும் பகுதியில் படாமல் முள்ளைச் செலுத்த வேண்டும். அந்தக் கருமையில் குத்தினால் இறால் உடனே செத்துவிடும், பிறகு அது உங்கள் பழைய இரைதான். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி போல் அறுக்கும் என்பதால், முள்ளுக்கு மேல் ஒரு முழமாவது தடித்த நரம்பைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். நம் கரையில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும். ஏற்றம் முடிந்து நீர் வற்றத் தொடங்கும்போது வாய்க்கால்களிலிருந்து குஞ்சுகளும் இறாலும் வெளியே இழுபடும். கொடுவா முகத்துவாரத்தில் காத்திருப்பது அப்போதுதான்.

மறுமொழி (வேதாரண்யம்)

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் செயற்கை இரையை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் வந்து கடல் செம்மண் நிறமாகக் கலங்கியிருக்கும் நாட்களில் அது வீண். நீர் தெளிந்தபின், விடியலில், பாறை மீனும் சீலா மீனும் அதற்கு நன்றாகவே பாயும். கலங்கல் நாட்களில் எண்ணெய்ப் பசையுள்ள மத்தித் துண்டு எடுபடும்; அது மென்மையானது என்பதால் முள்ளோடு சேர்த்து மெல்லிய நூலால் இறுகச் சுற்றுங்கள். கெளுத்தி வந்தால் கழற்றும்போது முதுகு முள்ளிலும் பக்க முட்களிலும் கை படக் கூடாது. குத்திவிட்டால், தோல் வேகாத, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருங்கள், வலி தணியும். வீங்கினாலோ வலி நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. என்னிடம் வீச்சு வலை இல்லை. உயிர் இரை கிடைக்காத நாளில் என்ன செய்வது? நண்டுத் தொல்லைக்கு வழி உண்டா?

மறுமொழி (நாகப்பட்டினம்)

கணவாய் வாங்குங்கள். அதன் சதை ரப்பர் போல் இழுபடும் என்பதால், நண்டும் சிறு மீனும் எளிதில் உரித்துவிட முடியாது. சுண்டுவிரல் அகலத்தில், ஒரு முனை கூராக அமையுமாறு நீளவாக்கில் வெட்டி, அகலமான முனையில் மட்டும் முள்ளைக் கோத்தால், மறுமுனை ஓட்டத்தில் படபடக்கும். இறால்தான் கையில் இருக்கிறதென்றால் ஓட்டோடு பயன்படுத்துங்கள். அல்லது முந்தின இரவே கல்லுப்பில் புரட்டி வடியவிடுங்கள், சதை இறுகும். இவற்றுக்குக் கிழங்கான், பண்ணா போன்ற மீன்கள் கிடைக்கும், கொடுவா எப்போதாவதுதான்.

நண்டுக்கு ஒரே வழி, இரையைத் தரையில் கிடக்க விடாமலிருப்பது. முள்ளுக்கு நான்கு விரல் மேலே சிறு தக்கைத் துண்டு ஒன்றைக் கட்டினால் இரை தரையை விட்டு எழும்பி நிற்கும். பேத்தைக்கு அதுவும் பயன்படாது. அது கூடியிருக்கும் இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிக்கினால் வீட்டுக்குக் கொண்டு செல்லாதீர்கள், அதன் ஈரலிலும் சினையிலும் கொடிய நஞ்சு உண்டு.

வலைக்காரர்களிடம் உயிர் மடவை வாங்க முடிந்தால், குழாய்த் தண்ணீரில் விடாமல் பிடித்த இடத்து நீரிலேயே வையுங்கள். ஒரு வாளிக்கு ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். வாளி நிழலில் இருக்கட்டும், நீரை அடிக்கடி மாற்றுங்கள்.